மன்றாடுதல்: மாணவர் மன்றத்தின் பெயர் வரலாறு

நாட்றம்பள்ளியில் ‘யூனியன்’ என்ற சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. பேருந்தைவிட்டு இறங்கி ‘யூனியன் ஆபீஸ்’ எங்கே என்று கேட்டால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு வழி சொல்வார்கள். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேனில் போய்வருகிறவர்களுக்கு யூனியன் என்றால் சம்பளம், போனஸ், வேலைநேரம் பற்றிப் பேசும் தொழிற்சங்கம். திருப்பத்தூருக்கும் வாணியம்பாடிக்கும் பர்கூருக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் இதே சொல் மூன்றாவதாக ஒரு பொருளைப் பெறுகிறது. மாணவர் யூனியன். அவர்களில் பலருக்கு இது தாங்கள் கண்டு பழகிய ஒன்றாக இல்லை; வேறு மாநிலப் பல்கலைக்கழகங்களின் தேர்தல் செய்தியாகத்தான் தெரியும்.

சாலைக்கும் குடிநீருக்கும் ஒரு யூனியன் இருக்கிறது. கூலிக்கும் பணிப் பாதுகாப்புக்கும் ஒரு யூனியன் இருக்கிறது. பதினேழு வயதில் வீட்டைவிட்டு ஒரு புதிய வளாகத்துக்குள் நுழையும் பிள்ளைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எதற்காக வேண்டும் என்பதைத் தமிழர் அதற்கு இட்ட பெயர்களே சொல்லுகின்றன. ஒன்றியம், சங்கம், கழகம், பேரவை, மன்றம் என ஐந்து பெயர்கள் நம்மிடம் வழங்குகின்றன. ஐந்தும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் வந்தவை. ஒவ்வொன்றும் ஒரு கடமையைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது.

யூனியனும் ஒன்றியமும்

‘ஒன்று’ என்று பொருள்படும் ‘ஊனுஸ்’ என்ற இலத்தீன் சொல்லே யூனியனுக்கு வேர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1815இலும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் 1823இலும் தொடங்கிய சொற்போர்ச் சங்கங்கள் இந்தப் பெயரை ஏற்றன. அங்கே யூனியனின் வேலை விவாதம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1884இல் மாணவர் பிரதிநிதிகளின் அவை ஒன்று அமைந்தபோது இரண்டாவது வேலை சேர்ந்தது. அந்த அவை நிர்வாகத்திடம் மாணவர் சார்பாகப் பேசியது. இன்று உலகம் முழுவதும் மாணவர் யூனியன் என்று அறியப்படுவதில் இந்த இரண்டு இழைகளும் இருக்கின்றன.

அதே 1884ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் உள்ளாட்சிச் சட்டம் பல கிராமங்களைச் சேர்த்த தொகுதிக்கு ‘யூனியன்’ என்று பெயரிட்டது. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. அவை பின்னர் ஊராட்சி ஒன்றியங்கள் என்று தமிழ்ப் பெயர் பெற்றன. நாட்றம்பள்ளி அப்படி ஓர் ஒன்றியத்தின் தலைமையிடம். ஆங்கிலச் சொல் ‘ஒன்று’ என்பதன்மேல் கட்டப்பட்டதைப் போலவே தமிழ்ச் சொல்லும் கட்டப்பட்டது. ஒன்று, ஒன்றுதல், ஒன்றியம்.

பாக் நீரிணையைக் கடந்தால் இந்தச் சொல்லின் முகம் மாறிவிடுகிறது. 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர் அமைப்பின் பெயரே மாணவர் ஒன்றியம்தான். ஈழத்தில் ஒன்றியம் என்றதும் மாணவர் நினைவுக்கு வருவார்கள். நம் ஊரில் வட்டார வளர்ச்சி அலுவலர் நினைவுக்கு வருவார்.

ஒன்றுதல் என்பதே மாணவர் அமைப்பின் முதல் கடமை. இந்தப் பகுதிக் கல்லூரி ஒன்றின் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் உருது பேசும் வாணியம்பாடிப் பிள்ளையும், தெலுங்கு பேசும் எல்லையோரக் கிராமத்துப் பிள்ளையும், சவ்வாது மலையிலிருந்தும் ஏலகிரியிலிருந்தும் இறங்கி வந்த பிள்ளையும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். ஒரே பெஞ்சில் அமர்வதால் மட்டும் அவர்கள் ஒன்றிவிடுவதில்லை. சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போதுதான் ஒன்றுகிறார்கள். விழா நடத்துவதும், நூலக நேரத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்பதும், விடுதிச் சாப்பாட்டைச் சீர்செய்வதும் அத்தகைய வேலைகள். தனித்தனியே வந்தவர்களை ஒரு குடியாக ஆக்கும் வேலையைப் பாடத்திட்டம் செய்வதில்லை. அதைச் செய்வது ஒன்றியம்.

சங்கமும் பள்ளியும்

சங்கம் வடக்கிலிருந்து வந்த சொல். பாலியிலும் வடமொழியிலும் ‘சங்க’ என்பது துறவிகளின் கூட்டத்தைக் குறித்தது. பௌத்த பிக்குகள் மாதம் இருமுறை கூடித் தங்கள் ஒழுக்க விதிகளை ஓதி, தவறு செய்தவர் அதைச் சபை முன் சொல்லும் வழக்கம் இருந்தது. விதி எல்லாருக்கும் ஒன்று, மூத்தவருக்கும் இளையவருக்கும் அதுவே என்பது சங்கம் என்ற பெயருக்குள் இருந்த பொருள்.

அந்தத் துறவிகள் தங்கிய இடத்துக்குத் தமிழில் பள்ளி என்று பெயர். பள்ளிகொள்ளுதல் என்றால் படுத்தல். படுக்கும் இடம் துறவியர் உறைவிடமாயிற்று. சமணரும் பௌத்தரும் அங்கே பிள்ளைகளுக்குக் கற்பித்ததால் கல்விக்கூடமும் பள்ளியாயிற்று. வாணியம்பாடிக்கு அருகே மலையம்பட்டு ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியங்களின் எச்சம் இன்றும் இருக்கிறது. அத்தகைய துறவியரின் தடம் நம் மாவட்டத்திலேயே கிடக்கிறது என்பதற்கு அது சாட்சி. நாட்றம்பள்ளி என்ற ஊர்ப்பெயரின் ஈற்றிலும் பள்ளி நிற்கிறது. நாட்டறம்பள்ளி என்று எழுதுவோரும் உண்டு. நாடு, அறம், பள்ளி என்று பிரித்துப் பார்க்க ஆசை எழுவது இயல்பு. ஒலியை மட்டும் கொண்டு ஊர்ப்பெயரைப் பிரிப்பது சொல்லாராய்ச்சிக்கு ஒவ்வாது. இந்த வட்டாரத்தில் ‘பள்ளி’ சிற்றூரைக் குறிக்கும் பொது ஈறாகவும் வழங்குகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இருபதாம் நூற்றாண்டில் சங்கம் துறவியரைவிட்டு மக்களிடம் வந்தது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். 1926இன் தொழிற்சங்கச் சட்டம் தொழிலாளர் சங்கத்துக்குச் சட்ட உரு கொடுத்தது. தோல் தொழிலில் இந்தச் சொல் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதைத் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவல் காட்டுகிறது. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. மாணவர் இயக்கங்களிலும் சங்கம் இடம்பிடித்தது. 1970இல் திருவனந்தபுரத்தில் உருவான அமைப்பு தமிழில் இந்திய மாணவர் சங்கம் என்றே அறியப்படுகிறது.

சங்கம் தரும் கடமை விதி. தலைவருக்கும் உறுப்பினருக்கும் ஒரே விதி இருந்தால்தான் அது சங்கம். விதி இல்லாத கூட்டம் ஒரு தலைவரின் பின்னால் நடக்கும் கூட்டம் மட்டுமே.

கழகம் கடந்த தூரம்

ஐந்து பெயர்களில் மிக நீண்ட தூரம் நடந்து வந்தது கழகம். திருக்குறளின் ‘சூது’ அதிகாரத்தில் கழகம் என்பது சூதாடும் இடம். கம்பர் காலத்தில் அதே சொல் கலை பயிலும் இடத்தைக் குறிக்கிறது. கூடிப் பொழுதைத் தொலைத்த இடத்தின் பெயர், கூடிக் கற்கும் இடத்தின் பெயராக உயர்ந்துவிட்டது. பல்கலைக்கழகம் என்று நாம் இன்று சொல்வது அந்த உயர்வின் மேல்தான் நிற்கிறது. 1920இல் தொடங்கிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் இந்தச் சொல்லை நூலகங்கள்தோறும் கொண்டுசேர்த்தது.

மாணவர் வரலாற்றில் கழகத்துக்குத் தனி இடம் உண்டு. 1943இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் திராவிட மாணவர் கழகம் தோன்றியது. கல்லூரி விடுதியில் சாதி பார்த்துத் தனித்தனியே வைத்த தண்ணீர்ப் பானை அதற்குக் காரணமாயிற்று. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைக் கேட்டவர்கள் ஒரே பானையில் தண்ணீர் மொள்ளக் கூடாது என்ற ஏற்பாட்டை மாணவர்கள் ஏற்க மறுத்தார்கள். மாணவர் அமைப்பு எதற்கு என்று கேட்பவருக்கு அந்தத் தண்ணீர்ப் பானையைவிடத் தெளிவான விடை வேறில்லை. வளாகம் ஒரு சிறு சமூகம். அங்கே எப்படி உண்கிறோம், எங்கே உறங்குகிறோம், யாரோடு உட்காருகிறோம் என்பதெல்லாம் கல்வியின் பகுதி. அதைத் தட்டிக் கேட்கும் துணிவு தனி ஒருவருக்கு எளிதில் வராது, கழகத்தால் வரும்.

பேரவையில் பேசுவது

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அதிகம் வழங்கும் பெயர் மாணவர் பேரவை. அவை என்ற சொல்லைச் ‘சபா’ என்ற வடசொல்லோடு இணைப்பவர்களும், தனித்தமிழ் என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியாயினும் அது தமிழில் மிகப் பழமையானது. தொல்காப்பியம் பாண்டியனின் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அந்நூலின் பாயிரம் சொல்கிறது. வள்ளுவர் அவைக்கு இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கினார். 72ஆவது அவையறிதல், 73ஆவது அவையஞ்சாமை. முன்னது கேட்பவரின் தரமும் நேரமும் அறிந்து பேசுவது. பின்னது அறிந்ததை அஞ்சாமல் பேசுவது. முன்னது இல்லாமல் பின்னது மட்டும் இருந்தால் பேச்சு கூச்சலாகிவிடும். பின்னது இல்லாமல் முன்னது மட்டும் இருந்தால் வாய் மூடிக்கொள்ளும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்த வரிசையிலேயே ஒரு மாணவர் பேரவைக்குத் தேவையான பாடத்திட்டம் இருக்கிறது.

நம் பகுதிக்குப் பேச்சும் எழுத்தும் புதியவை அல்ல. மு. வரதராசன் 1912இல் திருப்பத்தூரில் பிறந்து, அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்து, பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் கவிக்கோ அப்துல் ரகுமான் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 1951இல் திருப்பத்தூரில் சலேசியத் துறவியர் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினர். இந்தக் கல்லூரிகளுக்கு வந்து சேரும் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். தாயும் தந்தையும் கம்பெனியில் மேற்பார்வையாளர் முன் வாய் திறக்காமல் வேலை பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அவையஞ்சாமை புத்தகத்தில் வராது. எழுந்து நின்று பேசிப் பழகுவதில்தான் வரும்.

மன்றம், மந்தை, மந்து

இனி மன்றத்துக்கு வருவோம். என் பார்வையில் ஐந்து பெயர்களில் மிகச் சிறந்தது இதுதான்.

மன்னுதல் என்றால் நிலைபெறுதல், கூடுதல். மன்று, மன்றம் என்பவை ஊரார் கூடும் பொதுவெளி. சங்கப் பாடல்களில் மன்றத்தில் வேம்பு நிற்கிறது, பலா நிற்கிறது. அங்கே முதியோர் அமர்ந்து வழக்குப் பேசுகிறார்கள், பெண்கள் குரவை ஆடுகிறார்கள், மாடுகள் வந்து நிற்கின்றன. தென் மாவட்டங்களில் ஊர்ப் பொதுவிடத்தை இன்றும் மந்தை என்கிறார்கள். நீலகிரித் தோடர்களின் குடியிருப்பு மந்து. மன்று, மந்தை, மந்து மூன்றையும் ஒரே குடும்பமாகக் காணும் அறிஞர்கள் உண்டு. ஆடுமாடும் ஆளும் ஒன்றாகக் கூடிய திறந்த வெளியே இந்தச் சொற்களின் அடித்தளம். சுவரும் கதவும் மன்றத்தில் கிடையாது. யாரும் வந்து நிற்கலாம், எல்லாரும் கேட்கலாம்.

அந்தத் திறந்தவெளியின் பெயரைத்தான் நாம் நம் மிகப் பெரிய நிறுவனங்களுக்கு வைத்தோம். நாடாளுமன்றம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம், நகர்மன்றம். நமக்கு நெருக்கமான சிறு கூட்டங்களுக்கும் அதையே வைத்தோம். மகளிர் மன்றம், இளைஞர் நற்பணி மன்றம், ரசிகர் மன்றம். பள்ளிகளில் இலக்கிய மன்றம் நெடுங்காலமாக இருக்கிறது. அறிவியலும் கணிதமும் பயில 2022இல் அரசு வானவில் மன்றத்தைத் தொடங்கியது. மாணவர் இயக்கங்களில் 1936இல் லக்னோவில் தோன்றிய அமைப்பு தமிழில் அனைத்திந்திய மாணவர் பெருமன்றம் ஆயிற்று. இளமையில் மு. கருணாநிதி திருவாரூரில் கூட்டிய அமைப்பின் பெயரும் தமிழ் மாணவர் மன்றம்தான்.

மன்றத்திலிருந்து பிறந்த வினைச்சொல் மன்றாடுதல். இன்று அதை எங்கே கேட்கிறோம்? தேவாலயத்தில் மன்றாட்டு உண்டு. அங்கே அது கடவுளிடம் வேண்டுவது. அன்றாடப் பேச்சில் ஒருவர் மன்றாடினார் என்றால் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார் என்று பொருள். அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு அந்தப் பொருள் இல்லை. மன்றில் ஆடுதல், அதாவது மன்றத்தில் நின்று செயலாற்றுதல், வழக்குரைத்தல் என்பதே அதன் முதற்பொருள். கல்வெட்டுகளில் மன்றாடுவோர் என்பது சபையின் நடவடிக்கைகளில் பங்குகொள்வோரைக் குறிக்கிறது. மன்றம் விதித்த தண்டம் மன்றுபாடு எனப்பட்டது. தலைநிமிர்ந்து வழக்குரைத்ததைக் குறித்த சொல், தலைகுனிந்து கெஞ்சுவதைக் குறிக்கும் சொல்லாகச் சரிந்துவிட்டது.

ஒரு சொல் ஏன் இப்படிச் சரிகிறது? ஊரார் சமமாகக் கூடி முடிவெடுத்த இடம் மறைந்து, முடிவெடுப்பவர் மேலேயும் கேட்பவர் கீழேயும் நிற்கத் தொடங்கினால் வாதம் வேண்டுகோளாகும், வேண்டுகோள் கெஞ்சலாகும் என்று நினைக்கிறேன். இந்தச் சரிவை இன்று ஒரு கல்லூரி அலுவலகத்தின் சாளரத்தருகில் காணலாம். கல்வி உதவித்தொகை ஏன் இன்னும் வங்கிக் கணக்கில் ஏறவில்லை என்று கேட்கும் பிள்ளை, தனக்கு உரிமையான ஒன்றை யாசகம் கேட்பதுபோலக் கேட்கிறாள். முதற்பொருளில் மன்றாட வேண்டியவள் இரண்டாம் பொருளில் மன்றாடுகிறாள். அவளை இரண்டாம் பொருளிலிருந்து முதற்பொருளுக்கு மீட்டுக்கொண்டுவருவதே மாணவர் மன்றத்தின் வேலை.

மானூரும் உத்திரமேரூரும்

மன்றாடுதலுக்கு விதிகள் இருந்தன. திருநெல்வேலி மாவட்டம் மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர்ச்சபையில் யார் மன்றாடலாம் என்று வரையறுக்கிறது. நல்லொழுக்கமும் கல்வியும் வேண்டும் என்கிறது. அதில் இன்றைக்கும் பொருந்தும் ஒரு விதி இருக்கிறது. எந்த முடிவு வந்தாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்து முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு ஐந்து காசு தண்டம். மறுக்கும் உரிமையை அது பறிக்கவில்லை. மறுப்பதையே தொழிலாக வைத்திருப்பதைத்தான் தடுத்தது.

வடக்கே உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துச் சொல்கின்றன. சபையின் குழுவான வாரியத்துக்கு வருபவருக்கு வயது வரம்பு உண்டு. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அது 35க்கு மேல், 70க்குக் கீழ். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியிழப்பர்.

இப்போது 2006க்கு வாருங்கள். கேரளக் கல்லூரித் தேர்தல்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் குழு அமைந்திருந்தது. அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துமாறு 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இளநிலை மாணவர் போட்டியிட வயது 17 முதல் 22 வரை. வருகைப்பதிவு 75 விழுக்காடு. நிர்வாகிப் பொறுப்புக்கு ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம். ஒரு வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. முடிவு அறிவித்த இரண்டு வாரத்துக்குள் கணக்குத் தர வேண்டும். அச்சடித்த சுவரொட்டி கூடாது. அரசியல் கட்சியின் பணம் கூடாது. வயது வரம்பு, பதவியைச் சுற்றிவரவிடுதல், கணக்கு ஒப்பித்தல் ஆகிய மூன்று கவலைகளும் உத்திரமேரூரின் கவலைகளேதான். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இருவேறு கூட்டத்தார் ஒன்றையே கண்டிருக்கிறார்கள்: பொது இடத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதில் ஒருவரையே நிரந்தரமாக உட்காரவிடக் கூடாது.

ஆனால் மானூரையும் உத்திரமேரூரையும் பெருமையோடு மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. அவை பிராமண ஊர்ச் சபைகள். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே அங்கே இடம். உழுதவரும் நெய்தவரும் தோல் பதனிட்டவரும் அந்த அவையில் ஏற முடியாது; பெண்களுக்கும் இடமில்லை. பாலாற்றங்கரையில் தோலோடு உழைத்துப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் பெண்களின் மகள்கள் அவர்களோடு நிற்கிறார்கள். பழைய மன்றத்தின் விதிகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதன் வாசலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சங்கப் பாடல் காட்டும் மரத்தடி மன்றத்தின் திறந்த வெளியும், கல்வெட்டுச் சபையின் விதியொழுங்கும் சேர வேண்டும்.

பெயரிருந்தும் இல்லாத மன்றம்

தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் பேரவை என்ற பெயர் இருக்கிறது, தேர்தல் இல்லை. நிர்வாகம் பொறுப்பாளர்களை நியமிக்கிறது. பதவியேற்பு விழா நடக்கிறது. தோளில் பட்டை அணிவிக்கிறார்கள். அதன்பின் ஆண்டு விழாவில் விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவது அவர்கள் வேலையாகிவிடுகிறது. இந்த நிலைக்கு நிர்வாகங்களை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. 1965 ஜனவரியின் மொழிப் போராட்டத்தில் மாணவர்களின் ஆற்றலை இந்த மாநிலம் முழுவதும் கண்டது; அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். இரண்டே ஆண்டில், 1967 தேர்தலில், விருதுநகரில் காமராசரை வென்றவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். மாணவர் அமைப்பு என்றால் போராட்டம், போராட்டம் என்றால் கட்சி என்ற எண்ணம் பெற்றோரிடமும் கல்லூரி முதல்வர்களிடமும் ஊன்றிவிட்டது. பிள்ளை படித்து வேலைக்குப் போனால் போதும் என்று கம்பெனி வேனிலிருந்து இறங்கும் தாய் நினைப்பதில் தவறு காண எனக்கு மனம் வராது.

அந்தத் தாயிடம் நான் சொல்ல விரும்புவது இது. மன்றம் இல்லாத வளாகம் அமைதியாக இருப்பதாகத் தோன்றலாம். அந்த அமைதிக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1996இல் மூத்த மாணவர் ஒருவரின் கொடுமைக்கு இளம் மருத்துவ மாணவர் ஒருவர் பலியான பிறகுதான் தமிழ்நாடு 1997இல் பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றியது. கொடுமை பொறுக்கும் பிள்ளை முதலில் போய்ச் சொல்லக்கூடிய இடம், அவன் வயதுக்காரர்களே இருக்கும் இடமாக இருக்க வேண்டும். உதவித்தொகையும் அப்படித்தான். 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும் 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, கல்லூரிச் சான்று ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் பணம் நின்றுவிடும். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே அலைவதைவிட, மன்றம் பெயர்களைத் திரட்டி ஒரே நாளில் அலுவலகத்தில் கொடுத்துக் கையொப்பம் பெற்றுவந்தால் வேலை முடியும். மாலை ஐந்து மணிக்கு மேல் கிராமத்துக்குப் பேருந்து இல்லை என்பதைப் போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கு எழுத்தில் கொடுப்பதும் மன்றத்தின் வேலையே.

விதிகளில் இடமும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் மாணவர் குறைதீர்க்கும் குழுவில் மாணவர் பிரதிநிதியைச் சிறப்பு அழைப்பாளராகச் சேர்த்திருக்கின்றன. கல்லூரிகளின் உள்தர உறுதிக் குழுவிலும் மாணவருக்கு ஓர் இருக்கை உண்டு. அந்த இருக்கையில் அமர்பவர் மற்ற மாணவரால் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருந்தால் அவர் பேசுவது ஆயிரம் பேரின் பேச்சாகும். நியமிக்கப்பட்டவராக இருந்தால் அது ஒருவர் பேச்சாகவே நின்றுவிடும்.

ஆகவே மன்றம் என்று பலகை வைக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் சில கடமைகள் உண்டு என்பேன். வகுப்புதோறும் இரகசிய வாக்கெடுப்பில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். மலைக் கிராமத்திலிருந்தும் விடுதியிலிருந்தும் வருபவர்களுக்கு உறுதியான இடம் வேண்டும். மாதம் ஒரு நாள், எல்லாரும் அறிந்த நேரத்தில், யாரும் வந்து நின்று கேட்கக்கூடிய இடத்தில் கூட்டம் நடக்க வேண்டும். பேசியதையும் முடிவையும் குறிப்பேட்டில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் பருவத்தின் இறுதியில் கணக்குச் சொல்ல வேண்டும். நிர்வாகம் ஒரு கோரிக்கையை மறுத்தால் மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மாணவரும் அந்தக் காரணத்தை ஆராய்ந்து பதில் எழுத வேண்டும். இவ்வளவு போதும். இதற்குப் பெரிய கட்டிடமோ பெரிய நிதியோ தேவையில்லை.

ஒன்றியத்திலிருந்து ஒற்றுமையையும், சங்கத்திலிருந்து விதியையும், கழகத்திலிருந்து சமத்துவத்தையும், பேரவையிலிருந்து அஞ்சாத, அளந்த பேச்சையும் எடுத்துக்கொண்டால் மன்றம் தானே உருவாகும். மூன்றாண்டு அங்கே பழகிய பிள்ளை பட்டத்தோடு இன்னொன்றையும் பெற்று வெளியேறுவாள்: தனக்கு உரியதை நிமிர்ந்து கேட்கும் பழக்கம், எதிரே இருப்பவர் சொல்வதை முழுவதும் கேட்கும் பழக்கம், தோற்றால் மறுபடி வந்து வாதாடும் பழக்கம். அகராதியில் ‘மன்றாடு’ என்ற சொல்லுக்கு எந்தப் பொருள் முதலில் வர வேண்டும் என்பதை அத்தகைய பிள்ளைகள்தான் தீர்மானிக்க முடியும். அதற்கான இடத்தை அவர்களுக்குத் திறந்துவிடுவது ஆசிரியர்களாகவும் பெற்றோராகவும் நம் பொறுப்பு.